மிதியடியில் மலர்ந்த பூவேலை

இராமபிரானுடைய பாதுகைகளை விலக்கிவிட்டுப் பார்ப்போமாயின், காலணியைப் பற்றி மதிப்போடு பேசிய எழுத்துக்கள் நம் மொழியில் அரியனவே. வாயிற்படிக்கு வெளியே கழற்றிவிடும் பொருளுக்கு வரலாறு எதற்கு என்று நம் முன்னோர் எண்ணினர் போலும். ஆயினும் புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தை வருணிக்கும் இளங்கோவடிகள், அங்கு வாழ்ந்த தொழிலாளரை வரிசைப்படுத்தும்பொழுது துணி தைப்போரையும் தோல் தைப்போரையும் அடுத்தடுத்து நிறுத்துகின்றார். துன்னுதல் என்றால் தைத்தல். அந்த ஒரு வினையிலிருந்தே இரு சாராருக்கும் பெயர் அமைந்துவிட்டது. ஊசி ஒன்று, தைக்கும் பொருள்தான் வேறு என்பது அக்காலத்தார் கருத்தாக இருந்திருத்தல் வேண்டும். பின்வந்த நூற்றாண்டுகளில் துணி தைத்தவர் திண்ணைக்கு வந்தார். தோல் தைத்தவர் தெருக்கோடியில் நின்றுவிட்டார். இக்கட்டுரையில் நாம் சொல்லப் புகுவது அந்தத் தெருக்கோடியிலிருந்து புறப்பட்டு அரண்மனைக்கும், அங்கிருந்து கடல்கடந்து பாரிசு நகருக்கும் சென்று, இன்று நம் இல்லங்களின் தையல் மேசைக்கு வந்து சேர்ந்திருக்கும் ஓர் ஊசியின் கதை.

சபர்மதிக் கரையில் குடியேறி வாழும் நமக்கு இக்கதை அயலாருடையது அன்று. நவராத்திரி நாட்களில் லா கார்டன் கடைத்தெருவுக்குச் செல்வோர், கண்ணாடிச் சில்லுகள் பதித்த பாவாடைகளுக்குப் பக்கத்திலேயே பூவேலை செய்த மோஜ்டிகள் குவிந்து கிடக்கக் காண்பர். நம் பெண்மக்கள் அவற்றை விலை பேசி வாங்குகின்றனர். கர்பா ஆடி முடிந்ததும் அலமாரியில் போட்டுவிடுகின்றனர். அண்மைக் காலத்தில் நம் காலனிகளில் வேறொரு வழக்கமும் தலைகாட்டுகின்றது. கணிப்பொறி பொருத்திய எம்பிராய்டரி மெஷின் உள்ள வீடுகளில், பிள்ளைகளின் கான்வாஸ் ஷூவின் பக்கங்களில் மயிலும் மாங்காயும் பெயரின் முதலெழுத்தும் பின்னி அணிவிக்கின்றனர். இது மேனாட்டிலிருந்து வந்த புதுமோகம் என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிப்பதுண்டு. செருப்பின்மேல் பூத்தையல் இடுவது மேனாட்டிலிருந்து இங்கு வந்ததா, இங்கிருந்து மேனாட்டுக்குப் போனதா என்பதைச் சற்றே ஆராய்வோம்.

குஜராத்தி மொழியில் பரத் என்பது பூத்தையலைக் குறிக்கும். மோச்சி என்பவர் யார் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. கச்சு நாட்டின் புகழ்பெற்ற பட்டுப் பூவேலைக்குப் பெயர் மோச்சி பரத். அரசகுலப் பெண்டிரின் பாவாடைகளிலும் இரவிக்கைகளிலும், மாளிகை வாயில் தோரணங்களிலும் பொலிந்த அந்த வேலைக்குச் செருப்புத் தைப்பவரின் பெயர் வழங்குவது முதலில் விந்தையாகத் தோன்றும். காரணம் எளியது. அதைச் செய்தவர்கள் மோச்சிகளே. கருவியும் அவர்களுடைய கருவியே.

தோலைத் தைப்பவன் துணி தைப்பவனைப் போல ஊசியை மேலும் கீழும் ஓட்ட இயலாது. தோல் கடினமானது, முதலில் கூரிய முள்ளால் துளையிட்டுப் பிறகே நூலை நுழைக்க வேண்டும். மரப்பிடியில் செருகிய அம்முள்ளை வடமொழியில் ஆரா என்றனர். ஆரி என்ற இன்றைய பெயரிலும் அச்சொல்லின் சாயலைக் காண்கின்றோம். துளையிடும் அந்த முள்ளின் நுனிக்கு அருகில் ஒரு சிறு வெட்டு வெட்டினால் அது கொக்கியாகிவிடுகின்றது. இடக்கை தோலுக்கு அடியில் நூலைப் பிடித்துக் கொண்டிருக்கும். வலக்கை மேலிருந்து ஆரியைக் குத்தும். கொக்கியில் நூல் மாட்டியதும் மேலே இழுத்தால் ஒரு கண்ணி வரும். அக்கண்ணிக்குள்ளேயே ஆரி மறுபடி இறங்கி அடுத்த கண்ணியைக் கொணரும். துளையிடுதலும் தைத்தலும் ஒரே அசைவில் முடிந்துவிட, கண்ணிக்குள் கண்ணியாகச் சங்கிலி ஓடுகின்றது. சங்கிலித் தையல் என்று நாம் வீட்டில் சாதாரண ஊசியால் போடும் தையலும் உருவில் இதுவே. ஆனால் விரைவில் இரண்டும் மலையும் மடுவும். பழகிய கைக்கு ஆரி, எழுதுகோல் காகிதத்தில் ஓடுவது போல ஓடும்.

குஜராத்தின் தோல்வேலை எவ்வளவு பழமையானது என்பதற்கு வெனிசு நகரத்து மார்க்கோ போலோ சான்று கூறுகின்றார். 13ஆம் நூற்றாண்டின் கடைப்பகுதியில் இந்தியக் கடற்கரையைக் கண்டு சென்ற அவர், இந்நாட்டில் செந்நிறமும் நீலநிறமுமான தோல் விரிப்புகளில் பறவைகளும் விலங்குகளும் பொறித்துப் பொன்னிழையாலும் வெள்ளியிழையாலும் தைக்கின்றனர் என்று வியந்து குறித்துள்ளார். தோலில் தொடங்கிய கை பின்னர் பட்டுக்கு மாறியது. சிந்து நாட்டிலிருந்து வந்த ஒரு பக்கிரி இவ்வித்தையை மோச்சிகளுக்குக் கற்பித்தார் என்று கச்சு மக்கள் ஒரு கதை சொல்வதுண்டு. கதை எப்படியாயினும், கஜ்ஜி எனப்படும் வழவழப்பான பட்டில் மோச்சிகள் தீட்டிய மயில்களும் கிளிகளும் கொடிப்பூக்களும் ஊசியால் செய்தவையா தூரிகையால் எழுதியவையா என்று ஐயுறத் தக்கவை.

இங்கு ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். கச்சு நாட்டுக் கிராமங்களில் ரபாரி முதலிய சமூகப் பெண்கள் தத்தம் வீட்டுக்காகச் சாதாரண ஊசியால் பூவேலை செய்தனர். ஆரியைப் பிடித்த மோச்சிகளோ ஆண்கள். கூலிக்கும் ஆணைக்கும் வேலை செய்த தொழிலாளர். இராஜஸ்தானத்தில் முறை சற்று மாறும். ஜோத்பூர்ப் பக்கத்து ஜூத்திகளில் தோலைப் பதப்படுத்தி வெட்டித் தைத்து முடிப்பது ஆண்கள் வேலை. மேற்பாகத்தில் பூவேலை இடுவது வீட்டுப் பெண்கள் வேலை. அந்த ஜூத்திக்கு இடம் வலம் என்ற பேதமும் வழக்கமாக இருப்பதில்லை. அணிந்து நடக்க நடக்க அதுவே காலின் வடிவைக் கற்றுக்கொள்ளும். முதல் வாரம் நம் குதிகால் அதற்குக் கற்பிக்கும் கூலியாகக் கொப்புளம் பெறும் என்பதை வாங்கி அணிந்தவர் அறிவர்.

17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கம்பெனிகள் சூரத்திலும் காம்பேயிலும் சரக்கு வாங்கத் தொடங்கியபொழுது மோச்சிகளின் சங்கிலித் தையலும் கப்பலேறியது. ஆங்கிலப் பிரபுக்களின் கட்டில்களுக்கான திரைச்சீலைகளில் இலண்டன் மாந்தர் விரும்பும் பூங்கொடிகளைக் குஜராத்திக் கைகள் தைத்து அனுப்பின. அவற்றுட் சில இன்றும் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலையில் உள்ளன. அடுத்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் கொக்கி ஊசியே பிரான்சில் பெருவழக்காயிற்று. துணியை மத்தளத்தின் தோல் போல வளையத்தில் இறுக்கிக் கட்டித் தைப்பதால் அதைத் தம்பூர் வேலை என்றனர். தம்பூர் என்பது அவர்கள் மொழியில் மத்தளம். இந்தியாவிலிருந்து வந்தது என்பாரும், சீனத்திலிருந்து என்பாரும், துருக்கி வழியாக என்பாரும் உளர். கிழக்கிலிருந்து வந்தது என்பதில் அவர்களுக்குள் பிணக்கில்லை. மன்னர் 15ஆம் லூயியின் பூவேலை வரைஞரான சேன்ட்-ஓபான் 1770இல் வெளியிட்ட தம் நூலில் இதனை விளக்கியிருக்கின்றார். அம்மன்னரின் அன்புக்குரிய பொம்பதூர்ச் சீமாட்டி தம்பூர்ச் சட்டத்தின் முன் அமர்ந்திருக்கும் ஓவியம், துரூவே என்பவர் 1763-64இல் தீட்டியது, இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் தொங்குகின்றது. பூப்போட்ட பட்டாடையும் சரிகை இழைத் தொங்கலுமாக அச்சீமாட்டி கையில் பற்றியிருப்பது, கச்சு நாட்டில் செருப்புத் தைப்பவன் பற்றிய கருவியின் உடன்பிறப்பே. இது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

கருவி அரண்மனையில் நிற்கவில்லை. லியோன் நகருக்கு அருகிலுள்ள மலைக்கிராமங்களில் ஏழைப் பெண்கள் கொக்கி ஊசியால் மஸ்லின் துணியில் பூத்தைத்துப் பிழைத்தனர். அவர்கள் கையசைவை உற்றுநோக்கிய தையற்காரர் ஒருவர், பார்த்தெலமி திமோன்னியே என்னும் பெயரினர், அவ்வசைவையே மரத்தாலான இயந்திரம் ஒன்றுக்குக் கற்பித்தார். காலால் மிதித்தால் கொக்கி ஊசி இறங்கி ஏறிச் சங்கிலித் தையல் இடும். 1830இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. பாரிசில் எண்பது இயந்திரங்கள் வைத்துப் படைவீரர்களின் உடுப்புகளைத் தைக்கலாயினர். தம் வாயில் மண் விழுந்தது என்று அஞ்சிய தையற்காரர்கள் 1831இல் கூட்டமாகப் புகுந்து இயந்திரங்களை அடித்து நொறுக்கினர். திமோன்னியே 1857இல் வறுமையிலேயே உயிர் துறந்தார். உடைத்தவர்களைக் குற்றஞ்சாட்ட நமக்கு மனம் வரவில்லை. எண்பது இயந்திரம் எத்தனை குடும்பங்களின் அடுப்பை அணைக்கும் என்று அவர்கள் கணக்கிட்டது தவறான கணக்கன்று. ஆயின் உடைத்ததனால் கணக்கு மாறிவிடவும் இல்லை.

1846இல் அமெரிக்கரான எலியாஸ் ஹௌ நுனியில் கண்ணுள்ள ஊசியையும் அடியில் ஓடும் நாடாவையும் இணைத்துப் பூட்டுத் தையலுக்கு உரிமை பெற்றார். 1851இல் சிங்கர் வந்தார். கொக்கி ஊசி பின்வாங்கியது. சங்கிலித் தையலில் ஒரு முனை அறுந்தால் முழுவதும் உருவிக்கொண்டு வந்துவிடும். அரிசிச் சாக்கைப் பிரிப்பவர் அதை நன்கறிவர். பூட்டுத் தையலில் அந்தத் தொல்லை இல்லை. எனினும் அலங்கார வேலையில் கொக்கி தன் இடத்தை விடவில்லை. 1865இல் பொன்னாஸ் என்ற பிரெஞ்சுக்காரர், மேசைக்கு அடியில் உள்ள கைப்பிடியைத் திருப்பினால் தையல் எந்தத் திசையிலும் வளைந்து செல்லும் இயந்திரத்தை அமைத்தார். கோர்னெலி என்பவர் அதனைப் பெருக்கி உலகெங்கும் விற்றார். அவ்வகை இயந்திரம் இந்தியாவுக்கும் வந்தது. இங்கே அதற்கு மக்கள் இட்ட பெயர் ஆரி மெஷின். பிள்ளை பிறந்த வீட்டுக்கே வேற்றூர்ப் பெயரோடு திரும்பி வந்தது. ஊரார் அதன் பழைய பெயரையே சொல்லி அழைத்துவிட்டனர்.

தையல் இயந்திரத்தைப் பற்றி இந்நகரத்தில் எழுதும்பொழுது காந்தியடிகளை நினையாதிருத்தல் இயலாது. 1924இல் இராமச்சந்திரன் என்னும் சாந்திநிகேதன் மாணவர் அவரிடம், இயந்திரம் என்ற இயந்திரம் யாவற்றுக்கும் நீங்கள் பகைவரா என்று வினவினார். அடிகள் சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்களித்தார். மனைவி கையால் தைத்து வருந்துவதைக் காணப் பொறாமல் அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்பது அவர் கூறிய காரணம். சிங்கரின் வாழ்க்கை வரலாற்றையும் அவருடைய பல குடும்பங்களையும் பற்றிப் படித்தவர் இக்காரணத்தை முழுதும் ஏற்கத் தயங்குவர். ஆனால் அடிகளின் கருத்தில் பிழையில்லை: ஒருத்தியின் உழைப்பை எளிதாக்கும் கருவி வேறு, ஆயிரம் பேரை வீதிக்கு அனுப்பும் கருவி வேறு. வினவிய அந்த மாணவரே பிற்காலத்தில் தம் துணைவியார் டாக்டர் சௌந்தரம் அம்மையாருடன் திண்டுக்கல்லுக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவிய ஜி. இராமச்சந்திரன்.

அடிகளே செருப்புத் தைத்தவர். 1910இல் தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணை ஏற்பட்டபொழுது, அவர் நண்பர் காலன்பாக் துறவியர் மடம் ஒன்றில் அத்தொழிலைக் கற்று வந்து பண்ணையில் கற்பித்தார். சத்தியாக்கிரகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த பண்ணை அது. அங்கிருந்த பிள்ளைகளுக்குத் தமக்குத் தெரிந்த சிறிதளவு தமிழைக் கொண்டு அடிகள் தமிழ்ப்பாடமும் நடத்தினார். சிறையில் இருந்தபொழுது தம் கையால் தைத்த ஒரு சோடிச் செருப்பைத் தம்மைச் சிறையிட்ட ஸ்மட்ஸ் தளபதிக்கு 1914இல் அன்பளிப்பாக விடுத்தார். ஸ்மட்ஸ் அதைப் பல கோடைகளில் அணிந்து, 1939இல் அடிகளின் எழுபதாம் ஆண்டு நிறைவையொட்டி மரியாதையோடு திருப்பியனுப்பினார். அச்செருப்பில் ஒரு பூவும் இல்லை. பூவேலை செய்த செருப்பைப் பற்றிய கட்டுரையில் அதற்கு இடமுண்டா என்று கேட்பவர் இருக்கலாம். செருப்புத் தைக்கும் கையை மதிப்புக்குரிய கையாகக் கண்டவர் அவர். அந்தக் கண் இல்லாவிட்டால் மோச்சி பரத்தின் வரலாறு வெறும் அணிகலப் பட்டியலாகிவிடும்.

மோச்சிகளின் கதை பின்னாளில் துயரமானது. 1948இல் கச்சு சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் சேர்ந்ததும் அரசகுலத்து ஆதரவு ஓய்ந்தது. ஆரி பிடித்த குடும்பங்கள் பல வேறு பிழைப்புக்குச் சென்றன. அவர்கள் தைத்தவை காட்சிசாலைகளுக்குச் சென்றன. நம் நகரத்துக் காலிகோ அருங்காட்சியகம் 1949இல் கௌதம் சாராபாயும் அவர் தங்கை கீராவும் நிறுவியது. இந்நகரில் துணிக்கலைக்கு ஒரு நிலையம் வேண்டும் என்ற எண்ணம், யாழ்ப்பாணத்துத் தமிழ்க்குடியில் தோன்றிய சர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமியோடு கௌதம் சாராபாய் நடத்திய உரையாடல்களில் முளைத்தது என்பதை நம்மவர் பலர் அறியார். காலிகோ ஆலை இன்றில்லை. அருங்காட்சியகம் ஷாஹிபாக்கில் இருக்கின்றது. பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் முன்கூட்டியே அனுமதி பெற்றுச் செல்லுதல் வேண்டும்.

பூவேலையைக் கூலியாகவும் மானமாகவும் மீட்டுத் தந்த முயற்சி ஒன்றும் கச்சில் நிகழ்ந்தது. 1969இல் வறட்சி நிவாரணத்துக்காகத் தனேட்டி என்ற ஊருக்குச் சென்ற சந்தா ஷ்ரோஃப் அம்மையார், அங்குள்ள பெண்கள் இலவச உணவுக்குக் கை நீட்டக் கூசுவதைக் கண்டு, சேலைகளைக் கொடுத்துப் பூத்தைத்துத் தரச் செய்து ஊதியம் அளித்தார். ஸ்ருஜன் என்னும் அமைப்பு அவ்வாறு பிறந்தது. புஜ் நகருக்கு அருகே அஜ்ரக்பூரில் 2016இல் அவர்கள் திறந்த காட்சிசாலையில் கச்சு நாட்டுப் பூவேலை வகைகளைக் காணலாம்.

இதற்கிடையில் ஆரி தென்னாட்டுக்குச் சென்று புதுவாழ்வு பெற்றுவிட்டது. நம் ஊர்களில் இன்று மணப்பெண்ணின் இரவிக்கைக்கு ஆரி வேலை வேண்டும் என்பது ஏறக்குறையத் தாலிக்கு அடுத்த சட்டமாகிவிட்டது. தெருவுக்குத் தெரு வகுப்புகள். கற்பவரும் கற்பிப்பவரும் பெரும்பாலும் பெண்கள். கச்சில் ஆண்களின் கைக்கருவி, பிரான்சில் சீமாட்டிகளின் பொழுதுபோக்கு, தமிழ்நாட்டில் குடும்பத்தலைவியின் வருவாய்! ஆனால் ஆம்பூர்ப் பக்கத்து வீடுகளில் ஏற்றுமதிக் காலணிகளின் தோல் மேற்பாகத்தைக் கையால் தைக்கும் பெண்களுக்கு இந்தப் புகழ் எட்டவில்லை. இரவிக்கையில் ஊசி ஓட்டுபவள் கலைஞர். தோலில் ஊசி ஓட்டுபவள் சோடிக்கு இத்தனை என்று எண்ணிக் கூலி பெறுபவள். மருவூர்ப்பாக்கத்தில் அடுத்தடுத்து வாழ்ந்த இருவர்க்கும் இடையே விழுந்த இடைவெளி இன்னும் தூர்ந்தபாடில்லை.

இனி நம் வீட்டு இயந்திரத்துக்கு வருவோம். மிதிப்பான் பொருத்திய உஷாவிலும் சிங்கரிலும் நம் அன்னையர் அழுத்துகாலைக் கழற்றிவிட்டு, வளையத்தில் துணியை இறுக்கி, இரு கைகளாலும் நகர்த்தி ரோஜாவும் அன்னமும் தைத்தனர். அங்கே இயந்திரம் குத்தியது, கை வரைந்தது. 1990ஐ ஒட்டி ஜப்பானிய ஜனோமே கம்பெனி, வளையத்தைத் தானே நகர்த்தும் வீட்டு இயந்திரத்தை வெளியிட்டது. அதன்பின் வரைவதும் இயந்திரத்தின் வேலையாயிற்று.

காலணியில் இதைக் கொண்டு தைக்க முற்படுவோர் முதலில் சந்திக்கும் இடர், முடிந்த ஷூ வளையத்தில் அடங்காது என்பதே. நாக்கையும் பக்கத் துணியையும் மட்டும் எப்படியோ வளைத்துத் தைப்பவர் உண்டு. ஊசி அடிப்பாகத்தின் ரப்பரில் மோதி முறிவதும் உண்டு. தனித் துணியில் பூவைத் தைத்து வெட்டி ஒட்டுவது எளிது. ஆனால் மழைக்காலத்தில் பிரிந்து வரும். சிறந்த முறை ஜோத்பூர்ப் பெண்கள் செய்வதே: மேற்பாகம் தட்டையான துண்டாக இருக்கும்பொழுதே பூவேலையை முடித்துவிட்டுப் பிறகு செருப்பாகத் தைப்பது. தோலாயின் மேலும் கவனம் வேண்டும். துணியில் விழுந்த துளை நூலிழைகள் நெருங்கி மூடிக்கொள்ளும். தோலில் விழுந்த துளை என்றும் துளையே. தையல் நெருக்கமாக அமைந்தால் தபால்தலையின் ஓரம் போல அந்த வரிசையிலேயே தோல் கிழிந்துவிடும். ஆகவே நெருக்கமில்லாத, கோடு கோடாக அமைந்த வடிவங்களையே தேர்தல் வேண்டும். தோலுக்கென விற்கும் வெட்டுமுனை ஊசியைப் பொருத்துதல் வேண்டும். வளையத்தில் தோலை இறுக்கினால் தழும்பு நீங்காது. அதனால் ஒட்டும் தாளை வளையத்தில் பூட்டி, அதன்மேல் தோலைப் படியவைத்துத் தைப்பர். மோச்சியின் ஆரிக்கு இத்தொல்லைகள் இல்லை. எங்கே குத்துவது, எங்கே விடுவது என்பதைத் தோலைத் தொட்ட விரலே அதற்குச் சொல்லும்.

பூவேலை முடிந்த மேற்பாகத்தை அடித்தோலோடு சேர்த்துத் தைக்கும் வேலையை நம் எம்பிராய்டரி மெஷின் செய்யாது. அதற்குக் காலனி வாயிலில் வேப்பமர நிழலில் சாக்கு விரித்து அமர்ந்திருக்கும் மோச்சியிடமே போக வேண்டும். அவர் கையில் மரப்பிடியிட்ட அந்த முள் இருக்கும். நுனியில் கொக்கியும் இருக்கும். துண்டுகளை வாங்கிப் பார்த்துவிட்டு, இயந்திரத் தையலா கைத்தையலா என்று திருப்பாமலே சொல்லிவிடுவார். சோடிக்கு அவர் கேட்கும் கூலியை நாம் பேரம் பேசாமல் கொடுத்துவிடலாம்.